பரணில் கிடந்த யுத்தகளம்

இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் பெண் நிருபர்களுக்கு ஒரு விதி வகுத்திருந்தது. ராணுவ உடை தரிக்கலாம். சிப்பாய்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரிக் கூடாரம் வரையில் போகலாம். அதற்கு அப்பால், துப்பாக்கி வெடிக்கும் இடத்துக்கு, ஓர் அடிகூட எடுத்து வைக்கலாகாது. 1944-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு பெண்மணி இந்த விதியை மீறிவிட்டார். மீறவேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. ராணுவத்தாருக்குக் கிடைத்த தவறான தகவல் அவரை நேரே போர்முனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தப் பெண்மணியின் பெயர் லீ மில்லர். அவர் எந்தப் பத்திரிகையின் யுத்த நிருபர் தெரியுமா? சீமாட்டிகள் அணியும் கவுன்களையும் தொப்பிகளையும் படம் போட்டுக் காட்டும் வோக் என்ற நாகரிகச் சஞ்சிகையின் நிருபர்!

யுத்தம் முடிந்தபின் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, கல்யாணமும் செய்துகொண்டான். ஆனால் தன் தாயார் யுத்தகளத்தில் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்பது அந்தப் பிள்ளைக்கே சரிவரத் தெரியாது. அம்மையார் கண்ணை மூடிய பிறகு, வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தந்தையின் பைத்தியம்

1907-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பொகீப்ஸி என்னும் ஊரில் எலிஸபெத் மில்லர் பிறந்தார். லீ என்பது பின்னால் அவரே வைத்துக்கொண்ட பெயர். தந்தை தியோடர் மில்லர் ஓர் என்ஜினீயர். பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பெரிய உத்தியோகம். புகைப்படம் எடுப்பதென்றால் மனுஷருக்குப் பைத்தியம். தாயார் பிளாரன்ஸ் கனடாக்காரர். நர்ஸாக வேலை பார்த்தவர். ஓர் அண்ணனுக்கும் ஒரு தம்பிக்கும் நடுவில் பிறந்த இந்தப் பெண், அவர்களுக்குச் சரிசமமாக ஓடி ஆடி வளர்ந்தாள்.

ஏழு வயதில் அவளுக்கு ஒரு கொடுமை நேர்ந்தது. தாயார் நோயில் படுத்திருந்ததால், குழந்தையைத் தெரிந்தவர்கள் வீட்டில் சில நாள் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு பாவி அந்தச் சிறுமியைக் கெடுத்துவிட்டான். அதோடு ஒரு கொடிய நோயையும் கொடுத்துவிட்டான். அந்த நோய்க்குப் பென்சிலின் போன்ற மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நீண்ட நாள் நடந்த வேதனையான சிகிச்சையைப் பெற்ற தாயே தன் கையால் செய்யவேண்டியிருந்தது. குடும்பத்தார் அந்தச் சம்பவத்தை வெளியில் மூச்சுவிடவில்லை. லீயும் ஆயுள் முழுவதும் வாய் திறக்கவில்லை. வலியை உள்ளே பூட்டிவைத்து, வெளியில் வீராப்பாக நடமாடும் குணம் அவரிடம் அந்த வயதிலேயே வேரூன்றியிருக்க வேண்டும்.

படிப்பு ஓடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிக்கூடங்கள் இந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவைத்தன. 18 வயதில், 1925-ம் ஆண்டில், பாரிஸுக்குப் போய் நாடக மேடை அலங்காரமும் விளக்கமைப்பும் கற்றுக்கொண்டார். அந்த நகரம் அவரை ஆட்கொண்டுவிட்டது. ஊர் திரும்பிய பின்னும் மனம் பாரிஸிலேயே இருந்தது.

நடுவீதியில் வந்த அதிர்ஷ்டம்

நியூயார்க் நகரத்தில் ஒரு நாள், வருகிற வாகனத்தைக் கவனிக்காமல் லீ தெருவைக் கடக்கக் கால் வைத்தார். யாரோ ஒருவர் பாய்ந்து அவரைப் பின்னால் இழுத்துக் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்றியவர் வேறு யாருமில்லை. வோக் சஞ்சிகையின் முதலாளி காண்டே நாஸ்ட்! சினிமாக் கதையில் எழுதினால் நம்பமாட்டோம். 1927-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி வெளிவந்த வோக் இதழின் அட்டையை லீயின் முகம் அலங்கரித்தது. ஜார்ஜ் லெபாப் என்ற பிரெஞ்சு ஓவியர் தீட்டிய சித்திரம் அது. அதற்குப் பின் எட்வர்ட் ஸ்டைகன் முதலிய பெரிய புகைப்பட நிபுணர்கள் அவரைப் படமெடுக்கப் போட்டி போட்டார்கள்.

ஆனால் ஸ்டைகன் எடுத்த படம் ஒன்று, பெண்கள் மாதவிலக்குச் சமயத்தில் உபயோகிக்கும் துணிப்பஞ்சு விளம்பரத்தில் 1928-ல் வெளியாகிவிட்டது. அப்படிப்பட்ட சரக்குக்கு உயிருள்ள ஒரு பெண்ணின் படத்தைப் போடுவது அந்நாளில் பெரிய அவதூறு. லீக்கு முதலில் கோபம் பொங்கியது. பிறகு இவ்வளவு பேரைத் திடுக்கிட வைத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்துவிட்டதாம். எதுவானாலும், காமிராவுக்கு முன்னால் நிற்பது அவருக்கு அலுத்துவிட்டது. காமிராவுக்குப் பின்னால் நிற்க ஆசை வந்தது.

1929-ல் மறுபடி பாரிஸ். அங்கே மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் பெரும் புகழோடு இருந்தார். கனவில் வருவதுபோல் விசித்திரமான படங்களைப் படைக்கும் சர்ரியலிஸ்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவர். லீ நேரே அவர்முன் போய், தாம் அவருடைய புது மாணவி என்று அறிவித்தார். தாம் மாணவர் எவரையும் சேர்ப்பதில்லை என்றும், பியாரிட்ஸ் என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறையில் கிளம்பிக்கொண்டிருப்பதாகவும் மான் ரே தெரிவித்தார். தாமும் அங்கேதான் போவதாக லீ பதில் கொடுத்தார். போயும்விட்டார்! மாணவி, உதவியாள், காதலி என்று மூன்று வருஷம் அவரோடு கழிந்தது.

அந்த மூன்று வருஷத்தில் லீ கற்றது ஏராளம், கற்றுக்கொடுத்ததும் கொஞ்சமல்ல. ஒரு நாள் இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தபோது காலின்மேல் எலி மாதிரி ஏதோ ஓடியது. லீ கூச்சலிட்டு விளக்கைப் போட்டுவிட்டார். மருந்துத் தட்டில் கிடந்த நெகடிவ்கள்மேல் வெளிச்சம் பட்டுவிட்டது. பாழாயிற்று என்று நினைத்ததைக் கழுவிப் பார்த்தால், உருவங்களைச் சுற்றிக் கரிக்கோடு இழுத்ததுபோல் ஓர் அபூர்வ அழகு! சோலரைசேஷன் என்ற இந்த விளைவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிலர் கண்டிருந்தார்கள். அதைப் பழக்கிக் கலையாக்கியவர்கள் மான் ரேயும் லீயும். பெயர் என்னவோ மான் ரேக்குத்தான் வந்தது. உலகம் அப்படித்தான் இருந்தது.

1932-ல் லீ அவரை விட்டுப் பிரிந்தார். மான் ரேயின் நெஞ்சு உடைந்துபோயிற்று. சங்கீதக்காரர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆடும் முள் கருவியொன்றில் லீயினுடைய கண்ணின் படத்தை வெட்டி ஒட்டினார். வானத்தை நிறைத்து அவருடைய உதடுகள் மட்டும் மிதப்பதாக மிகப்பெரிய ஓவியம் ஒன்று தீட்டினார். லீயோ நியூயார்க்கில் தம்பி எரிக்கோடு சொந்த ஸ்டூடியோ திறந்து வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தார்.

அதுவும் நிலைக்கவில்லை. 1934-ல் அஸீஸ் எலூயி பே என்ற எகிப்திய கனவானை மணந்து கெய்ரோவுக்குக் குடிபோனார். அஸீஸ் நல்ல மனுஷர், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் விருந்தும் சீட்டாட்டமுமாக நகரும் சீமாட்டி வாழ்க்கையில் லீக்கு மூச்சு முட்டியது. மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்கு ஓடிவிடுவார். 1937-ல் அப்படி ஒரு பயணத்தில், கிழிந்த கொசுவலையின் ஓட்டை வழியே வெறும் மணல்வெளி தெரிவதைப் படமெடுத்தார். அவருடைய யுத்தத்துக்கு முந்திய படங்களில் இன்றுவரை பேசப்படுவது அது. கூண்டுக்குள் இருக்கிற ஒருவர்தான் அப்படி ஒரு படத்தை எடுத்திருக்க முடியும். அதே ஆண்டு பாரிஸில் ரோலண்ட் பென்ரோஸ் என்ற ஆங்கில ஓவியரைச் சந்தித்தார். இரண்டு வருஷம் கழித்து அஸீஸிடம் விடைபெற்று லண்டனுக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்த வேளையில் யுத்தமும் வந்து சேர்ந்தது.

லண்டனில் குண்டு மழை

அமெரிக்கர்கள் உடனே ஊர் திரும்பவேண்டும் என்று தூதராலயம் எச்சரித்தது. லீ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லண்டன் வோக் காரியாலயத்தில் போய் வேலை கேட்டார். கைப்பை, தொப்பி, கவுன் இவற்றைப் படம் பிடிக்கும் சாதாரண வேலைதான். ஆனால் 1940-ல் ஜெர்மன் விமானங்கள் இரவுக்கு இரவு லண்டன்மேல் குண்டு வீசத் தொடங்கியதும், லீயின் காமிரா தெருவுக்கு இறங்கிவிட்டது. மாதா கோவிலின் வாசல் வழியாகச் செங்கல் குவியல் அருவிபோல் வழிந்து நிற்பதையும், நசுங்கிச் சிதறிய டைப்ரைட்டரையும், நெருப்புக்குக் கண்காப்பு மூடி போட்டுக்கொண்டு பதுங்கு குழி வாசலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களையும் அவர் படமெடுத்தார். சர்ரியலிஸ்டுகள் கற்பனையில் தேடிய விசித்திரம் லண்டன் வீதியில் சும்மா கிடந்தது! இப்படங்கள் 1941-ல் ஒரு நூலாக வெளிவந்தன.

அமெரிக்கா யுத்தத்தில் குதித்தபின், லைப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் ஷெர்மன் லீக்கு ஒரு யோசனை கூறினார். அவரும் அமெரிக்கர்தானே, ராணுவத்தில் யுத்த நிருபராகப் பதிந்துகொண்டால் என்ன? 1942-ம் ஆண்டின் கடைசியில் அனுமதி கிடைத்தது. லண்டனில் மிகவும் பெயர்போன தையற்காரர்களிடம் அளவு கொடுத்து ராணுவ உடுப்பு தைத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் வோக் நிருபர் அல்லவா!

1944 ஜூன் 6-ந் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் நார்மண்டிக் கரையில் இறங்கின. அடுத்த மாதம் லீ அங்கே போனார். விதிப்படி ஆஸ்பத்திரிக் கூடாரங்களுக்குத்தான் அனுப்பினார்கள். அமெரிக்க நர்ஸுகள் பகலென்றும் இரவென்றும் பாராமல் உழைப்பதைப் படமெடுத்ததோடு நிற்கவில்லை; கட்டுரையும் தாமே எழுதினார். பத்திரிகாசிரியை ஆட்ரி விதர்ஸ் அதைப் படித்துவிட்டுப் பிரமித்துப்போனார். அழகுச் சாதன விளம்பரங்களுக்கு நடுவே இரத்தம் தோய்ந்த கட்டுத்துணிகளின் படத்தை வெளியிட ஒரு பத்திரிகாசிரியைக்கும் துணிச்சல் வேண்டும். விதர்ஸுக்கு அது இருந்தது.

செயின்ட் மாலோ முற்றுகை

பிரான்ஸின் பிரிட்டனி கரையில் செயின்ட் மாலோ என்ற பழைய துறைமுகப் பட்டணம் இருக்கிறது. கடலை ஒட்டி மதிலுக்குள் அடங்கிய ஊர். அந்த ஊர் பிடிபட்டுவிட்டது என்று ராணுவத்துக்குச் செய்தி வந்தது. விடுதலை பெற்ற ஜனங்களுக்கு நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று எழுதி வர லீயை அனுப்பினார்கள். போய் இறங்கினால், சண்டை உச்சத்தில் இருக்கிறது! கோட்டைக்குள் கர்னல் பான் அவுலாக் என்ற ஜெர்மன் தளபதி சரணடைய மறுத்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்கப் பீரங்கிகள் வெளியிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தன. வேறு ஒரு நிருபரும் அந்த இடத்தில் இல்லை. முழு முற்றுகையும் ஒரே ஒரு பத்திரிகைப் பிரதிநிதியின் கையில். அதுவும் ஒரு பெண், வயது 37.

அவர் கையில் இருந்தது ரோலிபிளெக்ஸ் காமிரா. மார்பளவில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஒரு சுருளில் 12 படங்கள்தான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ் கிடையாது. ஆகவே எதைப் படமெடுக்க வேண்டுமானாலும் அதன் பக்கத்தில் போய்த்தான் ஆகவேண்டும். ஒரு தடவை, குண்டுக்குத் தப்பிப் பள்ளமொன்றில் அவர் பதுங்கியபோது காலடியில் ஏதோ மிதிபட்டது. பார்த்தால், துண்டாகிக் கிடந்த மனிதக் கை. அதை எடுத்துத் தெருவுக்கு அப்பால் வீசியெறிந்துவிட்டு, இடிபாடுகள்மேல் விழுந்தடித்து ஓடினார். விமானங்கள் கோட்டைமேல் குண்டு வீசிய காட்சியை அவர் எடுத்த படங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ராணுவம் அதுவரை வெளியே சொல்லாத நேபாம் என்னும் நெருப்புக் குண்டு அந்தப் படங்களில் பதிவாகியிருந்ததே காரணம்.

ஆகஸ்டு 17-ந் தேதி கோட்டை விழுந்தது. வெளியே வந்த கர்னலை லீ படமெடுக்கப் போக, அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெற்றிக்குப் பரிசு என்ன? கைது! போர்முனையில் பெண் நிருபர் இருந்தது சட்ட விரோதம் என்று, ரென் நகரத்தில் அவரைச் சில நாள் காவலில் வைத்தார்கள். அங்கே இருந்தபோதும் காமிரா தூங்கவில்லை. ஜெர்மானியரோடு உறவாடியதற்காகத் தலையை மொட்டையடித்து, ஊர் கூடி ஏசி இழிவுபடுத்திய பெண்களையும் அவர் படமெடுத்தார். வெற்றியின் முகம் எப்போதும் அழகாக இருப்பதில்லை.

ஆகஸ்டு 25-ல் பாரிஸ் விடுதலையாயிற்று. லீ நேராகத் தம் பழைய நண்பர் பிக்காஸோவின் வீட்டுக் கதவைத் தட்டினார். தம் கண்ணில் பட்ட முதல் நேச நாட்டுச் சிப்பாய் லீயாக இருக்கக் கண்டு அந்தக் கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்க்ரீப் ஹோட்டலில் ஓர் அறை லீயின் முகாமாயிற்று. படுக்கையடியில் மதுப்புட்டிகள், பால்கனியில் பெட்ரோல் டின்கள், மேஜைமேல் சின்ன டைப்ரைட்டர். எழுத்து அவருக்குச் சுலபத்தில் வராது. காகிதத்தைக் கிழிப்பார், அழுவார், குடிப்பார். பக்கத்தில் ஷெர்மன் உட்கார்ந்து விடாமல் துரத்துவார். விடிவதற்குள் அச்சுக்கு ஏற்ற கட்டுரை பிறந்துவிடும்.

1945 ஏப்ரல் 30

அதன்பின் பனியில் அல்ஸேஸ், மார்ச்சில் ரைன் நதி, ஏப்ரலில் ஜெர்மனியின் உட்பகுதி. லீப்ஸிக் நகர மன்றத்தில் விஷம் அருந்தி மாண்ட நாஜி அதிகாரியையும் அவர் மனைவியையும் மகளையும் கிட்டே போய்ப் படமெடுத்தார். சோபாவில் தூங்குவதுபோல் சாய்ந்து கிடந்தாள் அந்த இளம்பெண். டார்காவ் என்ற இடத்தில் அமெரிக்கப் படையும் ரஷ்யப் படையும் கைகுலுக்கியதைப் பார்த்தார். இவையெல்லாம் யுத்தத்தில் நடக்கக் கூடியவை. எந்த மனிதக் கணக்குக்கும் அடங்காத ஒன்று அதே மாதத்தில் அவருக்காகக் காத்திருந்தது.

முதலில் புகன்வால்ட், பிறகு டாக்காவ். யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் இன்னும் பலரையும் நாஜிகள் அடைத்து வதைத்துக் கொன்ற முகாம்கள். டாக்காவ் ஏப்ரல் 29-ந் தேதி அமெரிக்கர் வசமாயிற்று. மறுநாளே லீயும் ஷெர்மனும் போய்ச் சேர்ந்தார்கள். முகாமுக்கு வெளியே ரயில் வண்டித் தொடர் ஒன்று நின்றது. பெட்டி நிறையப் பிரேதங்கள். பல மாதம் யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களே வாயடைத்து நின்றார்கள். லீ ஒரு பெட்டிக்குள் ஏறினார். உள்ளே இருந்தபடி, வாசலில் நின்று திகைத்துப் பார்க்கும் சிப்பாய்களையும் சேர்த்துப் படமெடுத்தார். பார்க்கிறவன் முகமும் படத்தில் இருந்தால்தான் பிற்காலத்தில் இதைப் பொய் என்று சொல்ல முடியாது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

அன்று மாலை இருவரும் மியூனிக் நகரம் போனார்கள். பிரின்ஸ்ரீகன்டன் சதுக்கத்தில் 16-ம் எண் கட்டிடம். அங்கேதான் ஹிட்லருடைய சொந்த ஜாகை. அமெரிக்கப் படையினர் அதைக் கைப்பற்றித் தங்கியிருந்தார்கள். பல வாரங்களாகக் குளிக்காத உடம்பு. அங்கே குழாயில் வெந்நீர் வந்தது. லீ ஹிட்லரின் குளியல் தொட்டியில் இறங்கிக் குளித்தார். ஷெர்மன் அதைப் படமெடுத்தார். தொட்டியின் விளிம்பில் ஹிட்லரின் படம் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கீழே வெள்ளைவெளேரென்ற கால்துணியின்மேல் லீயின் பூட்ஸுகள். அவற்றில் அப்பியிருந்த சேறு டாக்காவின் சேறு. ஹிட்லர் வீட்டுச் சுத்தமான துணியில் அதை வேண்டுமென்றே துடைத்துவிட்டுத்தான் தொட்டியில் கால் வைத்தார் லீ. பிறகு ஷெர்மனும் குளிக்க, லீ அவரைப் படமெடுத்தார். ஷெர்மன் ஒரு யூதர்.

அதே நாளில்தான் பெர்லினில் பூமிக்கடியில் இருந்த அறையில் ஹிட்லர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

குளியல் தொட்டிப் படத்தை விளையாட்டென்றும் விளம்பரமென்றும் பழித்தவர்கள் உண்டு. காலையில் டாக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர் மாலையில் எப்படி நடந்துகொண்டால் சரி என்று அவர்களில் யாரும் சொன்னதில்லை.

முகாம்களின் படங்களை லண்டனுக்கு அனுப்பும்போது, இதையெல்லாம் தயவுசெய்து நம்புங்கள் என்ற பொருளில் லீ கெஞ்சித் தந்தியடித்தார். அமெரிக்க வோக் 1945 ஜூன் இதழில் அப்படங்களைத் துணிந்து வெளியிட்டது; நம்புங்கள் என்பதையே தலைப்பாகப் போட்டது. லண்டன் இதழிலோ ஒரே ஒரு படம், அதுவும் சிறிதாக. வெற்றிக் கொண்டாட்டத்தில் இருந்த ஜனங்களுக்கு அதற்குமேல் காட்ட வேண்டாம் என்று நினைத்தார்கள்.

எல்லாரும் வீடு திரும்பினார்கள். லீயால் திரும்ப முடியவில்லை. வியன்னா ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் ஒரு குழந்தை துடித்துச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். மருந்தெல்லாம் கள்ளச்சந்தையில் இருந்தது. ஹங்கேரியில் முன்னாள் பிரதமர் பார்டோஸி 1946 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படமெடுத்தார். ருமேனியாவில் முதுகுவலிக்கு நாட்டு வைத்தியமாகக் கரடியை விட்டு மிதிக்கச் செய்துகொண்டார் என்றால், அந்த நிலையிலும் அவருக்கு வேடிக்கை விடவில்லை என்று தெரிகிறது. கடைசியில் களைத்து, நோயுற்று லண்டன் வந்து சேர்ந்தார்.

பண்ணை வீட்டில்

அஸீஸ் பெருந்தன்மையோடு விவாக விடுதலை கொடுத்தார். 1947 மே மாதத்தில் லீ ரோலண்ட் பென்ரோஸை மணந்தார். செப்டம்பர் 9-ந் தேதி மகன் ஆண்டனி பிறந்தான். அப்போது லீக்கு 40 வயது. 1949-ல் குடும்பம் சஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் சிட்டிங்லி கிராமத்துப் பண்ணை வீட்டுக்குக் குடியேறியது.

குழந்தை பிறந்தால் மனம் தேறிவிடும் என்பது உலகத்தார் எண்ணம். லீ விஷயத்தில் அது பலிக்கவில்லை. தூக்கமில்லை, மனத்தில் பெரும் பாரம், விஸ்கி துணையாயிற்று. இன்று வைத்தியர்கள் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்து மருந்தும் சிகிச்சையும் அளிக்கிறார்கள். அந்நாளில் அவர் பார்த்த டாக்டரோ, அவருடைய உற்சாகத்துக்காக உலகம் ஓயாமல் யுத்தம் நடத்திக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். குழந்தையை வளர்த்தவள் பெரும்பாலும் ஆயாதான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஓயாத சச்சரவு. ஆண்டனிக்குத் தெரிந்த தாயார் குடிப்பவர், கோபக்காரர், எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடுபவர். காரணம் தெரியாத பிள்ளை வேறு எப்படி எண்ணுவான்?

வீட்டுக்கு வராத கலைஞர் இல்லை. 1950-ல் பிக்காஸோவே வந்தார். மூன்று வயது ஆண்டனி அவரோடு புரண்டு விளையாடி, விளையாட்டு முற்றி அவரைக் கடித்துவிட்டான். பிக்காஸோ திருப்பிக் கடித்துவிட்டார்! அறுபது வருஷம் கழித்து, ஆண்டனி இதை வைத்தே குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார்.

1953-க்குப் பின் லீ பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டார். சமையலில் இறங்கினார். பாரிஸில் பிரபல சமையல் பள்ளியில் முறையாகக் கற்றார். ஆயிரக்கணக்கில் சமையல் நூல்கள் வாங்கிக் குவித்தார். போட்டிகளில் பரிசு பெற்றார். நீல நிற மீன் என்றும், இன்னும் பார்த்தவர் மலைக்கும் பதார்த்தங்கள் என்றும் மேஜைக்கு வரும். குடியையும் மெல்ல வென்றார். மகனோடும் கடைசிக் காலத்தில் ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது. 1966-ல் கணவருக்கு ஸர் பட்டம் வந்ததால் அவர் லேடி பென்ரோஸ் ஆனார். யுத்தப் படங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர் எவரேனும் கேட்டு வந்தால், ஏதோ கொஞ்சம் எடுத்தேன், அதில் ஒன்றுமில்லை என்கிற பாவனையில் தட்டிக்கழித்துச் சாப்பாட்டுப் பேச்சுக்குத் தாவிவிடுவார்.

1977 ஜூலை 21-ந் தேதி, புற்றுநோயால், அந்தப் பண்ணை வீட்டிலேயே காலமானார். அவருடைய சாம்பலை அவர் பயிரிட்ட வாசனைப் பூண்டுத் தோட்டத்தில் தூவினார்கள்.

பரண்

லீ மறைந்த பிறகு ஒரு நாள் மருமகள் பரணில் ஏறினார். பிறந்த தம் கைக்குழந்தைக்குத் தகப்பன் ஜாடை இருக்கிறதா என்று பார்க்க, ஆண்டனியின் குழந்தைப் பருவத்துப் படம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். அட்டைப் பெட்டிகளும் டிரங்குகளும் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு பெட்டியில் மெல்லிய காகிதத்தில் டைப் அடித்த கட்டுரை ஒன்று கிடந்தது. செயின்ட் மாலோ முற்றுகை! கீழே கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தார்.

ஆண்டனியால் நம்ப முடியவில்லை. பீரங்கிக்கும் பிணத்துக்கும் நடுவே நின்று இதை எழுதியவரும், தமக்குத் தெரிந்த அந்தக் குடிகாரத் தாயாரும் ஒருவர்தானா? மறுபடி பரணுக்குப் போனார்கள். சுமார் 60,000 நெகடிவ்கள்! அச்சடித்த படங்கள், கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், ராணுவ உத்தரவுகள், டாக்காவ் ரயில் பெட்டி எல்லாம் அங்கே இருந்தன. தாயாரின் ஏழு வயதுத் துயரத்தையும் மாமன் வாயிலாக அதன்பிறகே அறிந்தார் ஆண்டனி.

உயிரோடு இருந்தபோது கேட்கத் தோன்றாத கேள்விகளுக்கு அவர் பெட்டிகளில் பதில் தேட ஆரம்பித்தார். அது ஆயுட்காலப் பணியாகிவிட்டது. படங்களை ஒழுங்குபடுத்தி அந்தப் பண்ணை வீட்டிலேயே ஒரு காப்பகம் நிறுவினார். 1985-ல் தாயாரின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். அதை ஆதாரமாகக் கொண்டு எடுக்கப்பட்ட திரைப்படம் 2023-ல் டொராண்டோ விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கேட் வின்ஸ்லெட் லீயாக நடித்தார். பண்ணை வீடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே போனவர்கள் லீ சமைத்த அறையைப் பார்த்தார்கள். அடுப்புக்குப் பின்சுவரில் பிக்காஸோவின் கைவண்ணத்தில் ஓர் ஓடு பதிக்கப்பட்டிருந்தது.